கடலூரிலிருந்து மீன் காட்சியகம்: ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

ஏப்ரல் 20. கேள்வி, கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒருவர்

மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. சென்னையில் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்தபடி மீன் பார்க்கலாமாமே, கூட்டிப்போ என்று இருவரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா? செலவுக்குத் தகுந்த இடமா? இல்லை, மீன் பார்க்க முதுநகர் துறைமுகமே போதும் என்று சொல்லிவிடலாமா?

ஏப்ரல் 20, இரவு

முடியும். ஆனால் அன்றைக்கு வேறு எந்த இடத்தையும் சேர்க்காதீர்கள். மாமல்லபுரம் வழியில்தானே இருக்கிறது, வடநெம்மேலி முதலைப் பண்ணையும் அங்கேதானே என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், மீன் பார்க்கிற நேரத்தில் சின்னவன் தோளில் தூங்கிக்கொண்டிருப்பான்.

நீங்கள் சொல்வது ஈஞ்சம்பாக்கத்தில் 2019இல் திறந்த விஜிபி மரைன் கிங்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருப்பதால் சென்னை நகருக்குள் நுழைய வேண்டியதில்லை, நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கடலூரிலிருந்து என்றால் தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று ஊர் தாண்டும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பிவிட்டால் நெரிசல் தொடங்குமுன் ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டிவிடலாம். ஏழரைக்குக் கிளம்பினால் பள்ளி, அலுவலக வண்டிகளோடு சேர்ந்து ஊர்ந்துகொண்டிருப்பீர்கள்.

பஸ்ஸில் போவதாக இருந்தால் புதுச்சேரியில் ஏறும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை வழியா என்று நடத்துனரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். திண்டிவனம் வழியாகப் போகும் வண்டியில் உட்கார்ந்துவிட்டால் சென்னைக்குள் போய், அங்கிருந்து மறுபடியும் தெற்கே திரும்பி வர வேண்டும். முழங்கால் வலியோடு வருபவருக்கு அது தண்டனை.

செலவைப் பற்றி: ஐந்து பேர் குடும்பத்துக்கு டிக்கெட் மட்டுமே கையைக் கடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், போனால் நிதானமாகப் பாருங்கள். ஒரு தொட்டியின் முன் பிள்ளை தானாக நின்றுவிட்டால் அங்கேயே நிற்க விடுங்கள். கையைப் பிடித்து அடுத்த தொட்டிக்கு இழுக்கிறபோதுதான் அந்தப் பணம் வீணாகிறது.

துறைமுகம் போதுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன். அது எனக்குப் பிடித்த பேச்சு.

ஏப்ரல் 21

துறைமுகம் போதாது. ஆனால் துறைமுகத்தைப் பார்க்காமல் காட்சியகத்துக்குப் போகவும் கூடாது.

நான் பிறந்தது கடலூர் முதுநகர், வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி இலாசுப்பேட்டையில். சின்ன வயதில் நான் பார்த்த மீனெல்லாம் ஐஸ் மேல் கிடந்த மீன்தான். சங்கரா சிவப்பாக இருக்கும், வஞ்சிரம் பளபளக்கும், திருக்கை தட்டையாகக் கிடக்கும். திருக்கை எப்படி நீந்தும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, சென்னையில் அந்தச் சுரங்கத்துக்குள் நிற்கும்போதுதான், தலைக்கு மேல் ஒரு திருக்கை இரண்டு ஓரங்களையும் அலை அலையாக ஆட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கடற்கரையில் வளர்ந்தவள், அத்தனை காலம் அந்த மீனை உயிரோடு பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக நடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த மீனையும் சந்தையில் இருந்த மீனையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஒன்று வேடிக்கைப் பொருள், மற்றது சாப்பாடு. அதனால் இப்போது எங்கள் வீட்டில் வழக்கம் இதுதான்: முதலில் துறைமுகம், பிறகு காட்சியகம். ஒரு திருக்கையைக் கிட்டத்தில் காட்டுங்கள். அடிப்பக்கத்தைப் புரட்டிக் காட்டச் சொன்னால் விற்கிற அம்மாக்கள் சலித்துக்கொள்ளாமல் காட்டுவார்கள். வாய் கீழே இருக்கும், கண் மேலே இருக்கும். வாய்க்கு மேலே இரண்டு துளைகள் இருக்கும், அவை மூக்கு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திருக்கை மேலே ஏறும்போது சிரிக்கிற முகம் மாதிரித் தெரிகிறதே, அந்த முகத்தில் கண்ணாகத் தெரிவது இந்த மூக்குத் துளைகள்தான். இதைத் துறைமுகத்தில் பார்த்துவிட்டுப் போன பிள்ளை சுரங்கத்துக்குள் என்ன செய்யும் தெரியுமா? பக்கத்தில் நிற்கும் அறிமுகமில்லாத பெரியவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தும். என் மகள் நடத்தினாள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டும் இருக்கும், வகையும் குறைவு. அவசரமில்லை என்றால் பள்ளி திறந்த பிறகு ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை துறைமுகம், அடுத்து ஒரு விடுமுறையில் சென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும்.

ஏப்ரல் 21, மறுபடியும்

அம்மாவின் முழங்கால் பற்றி எழுதாமல் விட்டேன். உள்ளே நடை தொடர்ச்சியாக இருக்கும், வெளிச்சம் குறைவு, குளிரூட்டியின் குளிர் அதிகம். மெல்லிய சால்வை ஒன்றும், பழகிய செருப்பும் போதும். புதுச் செருப்பு வேண்டாம். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அதில் உட்கார வெட்கப்படுவார்கள். முன்கூட்டியே வீட்டில் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள், வாசலில் வைத்து வாதாடாதீர்கள்.

இன்னொன்று. மழைக்காடு, சதுப்புக்காடு, கரையோரம், ஆழ்கடல் என்று பகுதி பகுதியாகத்தான் உள்ளே போவோம். நன்னீர் மீன்கள் முதலில், கடல் பின்னால். முதல் பகுதியில் ஆளாளுக்குப் படம் எடுத்தே தெம்பைக் கரைத்துவிட்டு, கடல் வரும்போது எங்கே உட்காரலாம் என்று தேடுகிறார்கள். முதல் பகுதியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுங்கள். கால் வலிக்குமுன் சுரங்கத்துக்கு வந்துசேர வேண்டும்.

ஏப்ரல் 24

நெய்வேலியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஊர்ப் பொருட்காட்சியிலேயே மீன் சுரங்கம் போடுகிறார்களே, டிக்கெட்டும் மலிவு. அதற்காகச் சென்னை வரை போக வேண்டுமா?"

போக வேண்டும். பொருட்காட்சிச் சுரங்கம் ஒன்றுக்குள் நானும் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஒரு பெரிய அரபைமா திரும்ப இடமில்லாமல் ஒரே சுவரில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மூக்கு நுனி வெளுத்துப் புண்ணாகியிருந்தது. என் மகன் "அதற்கு வலிக்குமா?" என்று கேட்டான். வலிக்கும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

இந்த மாதிரிச் சுரங்கங்களில் பெரும்பாலும் இருப்பவை அரபைமா, முதலைமூக்கு மீன், வண்ணக் கெண்டை போன்ற நன்னீர் மீன்கள். காரணம் எளிது: கடல் மீனுக்குக் கடல் நீர் வேண்டும். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அந்த அளவும் வெப்பமும் ஏறாமல் இறங்காமல் நாள் முழுவதும் காக்க வேண்டும். சில வாரங்களுக்குப் போட்டுப் பிரிக்கிற கூடாரத்தில் அது ஆகிற காரியமல்ல. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு வடிகட்டியில் பாக்டீரியாக்கள் குடியேற வேண்டும். அவை பெருகி நிலைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். அவை நிலைபெறுமுன் கூடாரத்தையே பிரித்துவிடுவார்கள். கலங்கல் தண்ணீரைப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அரபைமாவும் முதலைமூக்கு மீனும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் வளர்ப்பு இடங்களிலிருந்து தப்பி ஆறுகளுக்குப் போய், மீனவர் வலைகளில் சிக்கின. எனவே இது ஒரு தொட்டியோடு முடிகிற சங்கதி அல்ல.

மலிவான டிக்கெட் என்பதற்காகப் பிள்ளையின் முதல் மீன் அனுபவம் அப்படி அமைய வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏப்ரல் 25

நான்கு வயதுப் பையனைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருட்டும் நீல வெளிச்சமும் சில குழந்தைகளுக்குப் பயத்தைக் கிளப்பும். தலைக்கு மேல் சுறா போனால் கேட்கவே வேண்டாம். வெள்ளோட்டமாகப் புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். பழைய பஸ் நிலையம் பக்கம், 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம். அதற்குள் ஒரு சிறிய மீன் காட்சியகம் உண்டு. தொட்டிகள் சிறியவை, சுவரோடு இருப்பவை. பராமரிப்பு வேலை நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். மூடியிருந்தால் மரங்கள் இருக்கின்றன, திருவக்கரைப் பக்கம் கிடைத்த கல்லாகிப்போன மரத்துண்டுகளும் இருக்கின்றன. பொழுது வீண்போகாது.

இங்கே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம்: கண்ணாடியைத் தட்டக் கூடாது. மீனின் விலாவோடு ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், சங்கராவிலும் கொடுவாவிலும் நன்றாகத் தெரியும். தண்ணீரின் அதிர்வை மீன் அதன் வழியாகத்தான் உணர்கிறது. நாம் விரலால் தட்டுவது அதன் உடம்பு முழுவதும் இடிக்கும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடக் கூடாது என்பதும் அப்படித்தான். மீனுக்கு இமை கிடையாது, மூடிக்கொள்ள முடியாது. "மீனுக்கு இமை இல்லை" என்று சொன்ன நாளிலிருந்து என் மகன் வீட்டில் வாங்கிவரும் ஒவ்வொரு மீனையும் சோதித்துப் பார்க்கிறான்.

ஏப்ரல் 28

ஒரு அம்மா வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். காட்சியகத்தில் பக்கத்தில் நின்ற குடும்பம் ஒவ்வொரு தொட்டியிலும் "இது வறுவலுக்கு, இது குழம்புக்கு" என்று பேசிக்கொண்டே வந்ததாம், பிள்ளைகளுக்கு உயிர்கள் மேல் இரக்கம் எப்படி வரும் என்கிறார்.

அவருடைய மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனபோது அவரும் அப்படித்தான் பேசினார். சிங்கி இறால் தொட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டார். "எங்கள் காலத்தில் இது வலையில் வந்தால் வீட்டுக்கு வராது, நேரே ஏற்றுமதிக்குப் போய்விடும். முழுசாக ஒன்றை இன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்க்கிறேன்" என்றார். பிறகு அதன் மீசை எப்படி அசைகிறது, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுவாவைப் பார்த்து, "இது முட்டையோடு இருக்கிறது, வயிற்றைப் பார்" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். கிளாத்தியின் முதுகு முள்ளை விறைப்பாக நிமிர்த்திக்கொள்ள அதற்கு ஒரு பூட்டு உண்டு, பின்னால் இருக்கிற சின்ன முள்ளை அமுக்கினால்தான் பெரியது படுக்கும் என்றார். அந்த விவரம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. மீன் ஆய்ந்த கைக்குத் தெரியும்.

பலகைகளில் இருந்ததில் பாதியை என் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். ஆயா சொன்னதை மறக்கவில்லை. சமைக்கிறவர்களுக்கு மீனின் உடம்பு தெரியும், அதை ஏன் வாயை மூடச் சொல்ல வேண்டும்? புதுப்பாளையத்துத் தம்பி, உங்கள் அம்மாவைத் தொட்டிகளுக்குக் கிட்ட முதலில் விடுங்கள்.

ஏப்ரல் 28, இரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. கடல் குதிரைத் தொட்டி வந்தால் பெரியவர்கள் "முன்பெல்லாம் இது வலையோடு வரும், காயவைத்து விற்பார்கள்" என்பார்கள். அதைச் சொல்லட்டும். கூடவே நீங்கள், 2001 முதல் கடல் குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லுங்கள். முட்டையைப் பையில் சுமந்து குஞ்சு ஈனுவது ஆண் என்பதைக் கேட்டதும் என் மாமியார் என் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வை வீட்டில் இன்றும் பேச்சாக இருக்கிறது.

மே 2

சுரங்கத்துக்குள் என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

சுறாக்களில் ஓயாமல் நீந்துபவை உண்டு, அடியில் படுத்துக் கிடப்பவையும் உண்டு. நீந்திக்கொண்டே இருப்பது, வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து செவுள் வழியாகப் போவதற்காக. நின்றால் அதற்கு மூச்சு இல்லை. படுத்துக் கிடப்பது கன்னத்தை அசைத்துத் தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். எட்டு வயதுப் பெண்ணுக்கு இது நல்ல வேலை: எது எந்த வகை என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

அஞ்சாலை என்ற பாம்பு போன்ற மீன் பொந்திலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். எல்லோரும் கடிக்க வருகிறது என்று பின்வாங்குவார்கள். அது மூச்சுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு சின்ன மீன், கடல் தாமரையின் விரல்களுக்குள் புகுந்து புகுந்து வரும். எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பெரியது பெண். அது இறந்துபோனால் அடுத்த பெரிய ஆண் மீன் பெண்ணாக மாறிக்கொள்ளும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்லுங்கள், அவர்கள் மிக இயல்பாக எடுத்துக்கொள்வார்கள். தயக்கம் நமக்குத்தான்.

தட்டைக் கண்ணாடித் தொட்டியில் மீன் இருப்பதைவிடப் பக்கத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். தண்ணீரிலிருந்து வெளியே வரும் ஒளி வளைவதால் அப்படி. சின்னவன் கை நீட்டித் தொடப் போவான், கண்ணாடியில் விரல் இடிபட்டு அழுவான். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மே 3

பழைய கதை ஒன்று, ஆர்வம் உள்ளவர்களுக்கு. சென்னை மெரினாவில் ஒரு கடல் மீன் காட்சியகம் இருந்தது. அருங்காட்சியகத்தை நடத்திவந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் உருவாகி, 1909இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மூடினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே மெரினாவுக்குப் போன குடும்பங்கள் கண்ணாடிக்குப் பின்னால் கடல் மீனைப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு நீளக் கடற்கரை உள்ள நமக்கு, கடலூரிலோ புதுச்சேரியிலோ முழுமையான ஒரு கடல் காட்சியகம் இன்னும் வரவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று தன் அப்பா பிடிக்கும் மீன் நீந்துவதைப் பார்க்க 150 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டுமா? சுற்றுலாவுக்கு எவ்வளவோ கட்டுகிறார்கள். இதைக் கட்டலாம்.

மே 6

சிதம்பரத்து ஆசிரியர் ஒருவர் பரங்கிப்பேட்டையை நினைவுபடுத்தியிருக்கிறார். மிகச் சரி. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் சேஷையா தொடங்கிவைத்த இடம். அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் நம் கரையோரத்து உயிர்களைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நீந்துகிற மீனைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பெயரையும் வகையையும் உடம்பையும் நின்று பார்க்க விரும்பும் பிள்ளைக்குப் பொக்கிஷம். படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கிற இடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, வேலை நாளில் போவதுதான் முறை.

கடலூர்க்காரர்கள் இதையும் பிச்சாவரத்தையும் ஒரே நாளில் சேர்க்கலாம். "ஒரு நாளுக்கு ஓர் இடம்" என்று நான் மேலே வற்புறுத்தியதற்கு இது முரணாகத் தோன்றும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இரண்டும் ஒரே கழிமுகத்தின் கதை, பயணத்தில் பிள்ளைகள் களைத்துப்போக மாட்டார்கள். பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்ததும் எல்லோரும் மேலே கொக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றைப் பாருங்கள். விரல் நீளத்தில், தலைமேல் துருத்திய கண்ணோடு, துடுப்பை ஊன்றிச் சேற்றில் தத்திப்போகும் மீன் தென்படும். தண்ணீரை விட்டு வெளியே வந்து உலாவுகிற மீன். என் மகள் இதைப் பார்த்த பிறகு காட்சியகத்தின் சதுப்புக்காட்டுப் பகுதியைப் பற்றி, "அங்கே சேற்று வாசனை இல்லை" என்று குறை சொன்னாள்.

மே 11

காட்சியகம் போய்வந்தால் வீட்டில் அடுத்து வரும் கோரிக்கை மீன் தொட்டி. தயாராக இருங்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தங்கமீன் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தங்கமீன் பெரிதாக வளரும் மீன், கழிவும் அதிகம். குடுவையில் அது வாழாது, மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கும். வாங்குவதானால் முதலில் தொட்டியும் வடிகட்டியும், பல வாரம் கழித்து மீன். பொருட்காட்சிச் சுரங்கத்தைப் பற்றி எழுதியபோது பாக்டீரியா என்று சொன்னேனே, அதே கணக்குத்தான் வீட்டுத் தொட்டிக்கும். காத்திருக்கச் சொன்னால் பிள்ளை முகம் சுளிக்கும். காத்திருக்கட்டும்.

சலித்துப்போனால் ஊசுடேரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் அந்தக் கரடுமுரடான கறுப்பு மீன் இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகிக்கிடக்கிறது. வலையில் சிக்கினால் அதன் முள் வலையைக் கிழிக்கும், உள்நாட்டு மீனவர்களைக் கேட்டுப்பாருங்கள். வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மே 12

உணவு பற்றி இரண்டு வரி. புளிசாதமும் உருளை வறுவலும் கட்டிக்கொண்டு போங்கள், வண்டியிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். பசித்த பிள்ளைக்குச் சுறாவும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான்.

ஜூன் 30. புதுப்பாளையத்துத் தம்பி எழுதியது

போய்வந்தோம். நீங்கள் சொன்னபடி தடைக்காலம் முடிந்து முந்தின வாரம் முதுநகர் துறைமுகம். திருக்கையைப் புரட்டிக் காட்டினார்கள். சுரங்கத்தில் மகன் முதலில் அழுதான், பிறகு அவனை வெளியே கொண்டுவரத்தான் முடியவில்லை. அம்மா சக்கர நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார், மெதுவாக நடந்தே பார்த்தார். பெரிய கடல் ஆமையைப் பார்க்க வேண்டும் என்று மகள் இப்போது கேட்கிறாள். என்ன செய்வது?

ஜூன் 30, இரவு

மகிழ்ச்சி. மறுத்தால் மறுக்கட்டும், அவர் கால் அவர் முடிவு. திரும்பும் வழியில் மரக்காணத்து உப்பளங்களில் வண்டியை நிறுத்தினீர்களா? எழுதாமல் விட்டுவிட்டேன், அடுத்தமுறை நிறுத்துங்கள். பாத்தியோரம் படிந்த உப்பைக் கையில் அள்ளிப் பார்த்தால் அந்த 35 கிராம் கணக்கு பெண்ணுக்குத் தானாகப் புரியும்.

ஆமைக்கு எங்கும் போக வேண்டாம், உங்கள் ஊருக்கே வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும். கடலூரில் வனத்துறையினர் அந்த முட்டைகளை எடுத்துக் கடற்கரையில் வேலி கட்டிப் புதைத்துக் காக்கிறார்கள். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு வரும். கடலில் விடும் நாட்களில் பொதுமக்களையும் பார்க்க அனுமதிப்பது உண்டு. பிப்ரவரி கடைசியிலிருந்து வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

போகும்போது கைபேசி விளக்கைப் போடாதீர்கள், பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். கடல் பக்கம் தெரியும் வெளிச்சத்தைவிட நம் விளக்கு பிரகாசமாக இருந்தால் கரைக்குத் திரும்பி வந்துவிடும். கையில் எடுக்கவும் வேண்டாம், வனத்துறையினர் கொடுத்தாலொழிய. மணலில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

பெரிய ஆமை ஒன்று கரையில் இறந்து ஒதுங்கிக் கிடப்பதையும் அந்த மாதங்களில் பார்க்க நேரலாம். இழுவலையில் மாட்டி மூச்சு முட்டி இறப்பவை. மகள் கேட்டால் மறைக்காதீர்கள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவது, மேலே வந்தாக வேண்டும், வலை விடவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். வலையில் ஆமை தப்பிச் செல்ல ஒரு வாசல் வைக்கும் கருவி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு இதெல்லாம் புரியும். அடுத்த கேள்வியாக, எல்லாப் படகிலும் அது ஏன் இல்லை என்று கேட்பாள். அதற்குத் துறைமுகத்துக்கே மறுபடியும் கூட்டிப்போய்ப் படகுக்காரர்களையே கேட்க விடுங்கள். அவர்கள் தரப்பையும் அவள் கேட்கட்டும்.